வரலாற்று நேர்முகத் தேர்வு: விரிஞ்சிபுரத்துக் கல்வெட்டிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வரும் பருவத்தில் நாளிதழ்களின் கல்விப் பக்கங்கள் பொறியியல் கலந்தாய்வையும் நீட் கட்-ஆஃபையும் சுற்றியே வருகின்றன. வரலாறு படிக்க வேண்டும் என்று மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அங்கே ஒரு பத்தி கூட இருப்பதில்லை. வேலூர் வட்டாரத்தில் வரலாறு கற்பிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான வரலாற்று நேர்முகத் தேர்வை எப்படி எதிர்கொள்வது என்று எழுதியிருக்கிறோம். கடிதம் நீளம்தான். இடம் இருந்தால் வெட்டாமல் வெளியிட வேண்டுகிறோம்.

எங்கெல்லாம் நேர்முகம் உண்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. வரலாற்றுக்கு மதிப்பெண் தரவரிசையும் கலந்தாய்வும்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு. அசோகா போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்களும், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இளநிலைக்கே நேர்முகம் வைக்கின்றன. முனைவர் பட்டச் சேர்க்கையில் நேர்முகம் நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. நடைமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அதனால் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை நேரில் பார்க்காமல், போன வருடம் சேர்ந்தவர் சொன்னார் என்று எதையும் முடிவு செய்யக் கூடாது. வெளிநாடு என்றால், நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூவை ஏற்கிறார்களா என்பதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் எதிரில் இரண்டு பேராசிரியர்கள் இருப்பார்கள். இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை பேச்சு நடக்கும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியதிலிருந்து ஏதோ ஒன்றைப் பிடித்துத் தொடங்குவார்கள். பிறகு ஒரு பழைய ஆவணத்தின் பகுதியையோ, படத்தையோ, வரைபடத்தையோ கொடுத்து இதில் என்ன தெரிகிறது என்பார்கள். நீங்கள் ஒரு பதில் சொன்னதும் அதை மறுத்துப் பேசுவார்கள். பதில் நன்றாக இருந்தாலும் மறுப்பார்கள். இந்த மூன்றாவது கட்டத்தில்தான் பிள்ளைகள் துவண்டுபோகிறார்கள். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள், அல்லது பட்டென்று கட்சி மாறிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் அப்போது பார்ப்பது ஒன்றைத்தான். இந்தப் பிள்ளை சான்றிலிருந்து முடிவுக்கு எப்படிப் போகிறது, புதிய சான்று வந்தால் முடிவைத் திருத்திக்கொள்ளத் தெரிகிறதா?

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு என்றால் டிஎன்பிஎஸ்சி கைடு நினைவுக்கு வருகிறது. ஆண்டு, பெயர், இடம், ஒரு வரி விடை. அந்தப் பழக்கம் அந்தத் தேர்வுக்கு உதவும். இங்கே அது தொடக்கப் படி மட்டும்தான். ஆண்டு தப்பாகச் சொன்னால் திருத்திவிட்டு மேலே கேட்பார்கள். ஆண்டை மட்டும் சொல்லி நின்றால் மேலே கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

ஆவணத்தைப் படிக்கும் பயிற்சியே தயாரிப்பில் பாதி. அதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில் பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் இருக்கிறது. அங்கே மார்க்கபந்தீசுவரர் கோயிலில் சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425-26ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு உண்டு. விஜயநகர அரசர் தேவராயர் காலத்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 1890லேயே அச்சாகி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் (குஜராத்துப் பக்கத்து லாட நாட்டார்) என நாலு வகையாரும் கூடி, இனிமேல் கன்னிகாதானமாகவே, அதாவது பொருள் வாங்காமல் பெண்ணைத் தானமாகக் கொடுத்தே, திருமணம் செய்வது என்று ஒப்புக்கொள்கிறார்கள். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும், பொன் கொடுத்து மணம் முடிப்பவரும் அரச தண்டனைக்கு உள்ளாவார்கள், பிராமணச் சமுதாயத்துக்குப் புறம்பாவார்கள் என்கிறது கல்வெட்டு.

இதை ஒரு மாணவி கையில் கொடுத்து பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் முதலில் வரும் பதில் "600 ஆண்டுக்கு முன்பே வரதட்சணையை ஒழித்திருக்கிறார்கள்" என்பது. அங்கேயே சறுக்கல். பொன் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணின் தகப்பனுக்கு. அது பெண்ணுக்குப் பரியமாகக் கொடுக்கும் பொன். இன்றைய வரதட்சணைக்கு நேர் எதிர்த் திசை. இன்றைய சண்டையை மனதில் வைத்துக்கொண்டு பழைய கல்லைப் படித்ததால் வந்த தவறு இது. நேர்முகத்தில் இப்படிச் சொன்னால் யாரும் விரட்டிவிட மாட்டார்கள். "கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்?" என்று கேட்பார்கள். அப்போது மறுபடி வாசித்துப் பார்த்து, நான் சொன்னது சரியில்லை, திசையைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்கிற மாணவி, முதலிலேயே சரியாகச் சொன்னவளுக்குக் குறைந்தவள் இல்லை.

அடுத்து, தடை என்ன சொல்கிறது? ஒரு வழக்கத்தைத் தடுத்து ஊர் கூடி எழுதுகிறது என்றால் அந்த வழக்கம் அப்போது இருந்தது என்று துணிந்து சொல்லலாம். எந்த அளவுக்கு இருந்தது என்று சொல்ல முடியாது. தடைக்குப் பிறகு நின்றுபோனதா என்பதையும் இந்தக் கல் சொல்லாது. நின்றது என்று காட்ட வேறு சான்று வேண்டும். தண்டனை ஏன் இரண்டு? அரசனின் தண்டனை ஒன்று, சமுதாயத்தை விட்டு விலக்கல் ஒன்று. ஒரு சபை தன் முடிவுக்கு அரசனின் பெயரையும் துணைக்கு அழைக்கிறது என்றால், வெறும் சமுதாயக் கட்டுப்பாடு போதாது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நாலு மொழிக்காரர்களை ஏன் பெயர் சொல்லி வரிசைப்படுத்த வேண்டும்? வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்து ஒரே வட்டாரத்தில் குடியேறியவர்களிடம் வெவ்வேறு மண வழக்கங்கள் இருந்து, அதை ஒரே சீராக்க முயன்றார்களோ? இது யூகம். யூகம் என்று சொல்லியே சொல்ல வேண்டும். இதை உறுதிப்படுத்த என்ன ஆவணம் தேடுவீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அக்கம்பக்கத்துக் கோயில்களில் இதே காலத்துக் கல்வெட்டுகள், வேறு வட்டாரங்களில் இதுபோன்ற ஒப்பந்தங்கள் உண்டா என்று பார்ப்பேன் என்பது நல்ல பதில். கடைசியாக, கல்லில் இல்லாதவர் யார்? எந்தப் பெண்ணுக்காக இத்தனையும் எழுதினார்களோ அவளுடைய குரல் எங்கேயும் இல்லை. அதைக் கவனித்துச் சொல்லும் பிள்ளையைப் பேராசிரியர்கள் மறப்பதில்லை.

இந்த வரிசையையே எந்த ஆவணத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் கொடுத்தால் முதல் ஒரு நிமிடத்தில் எப்போது, யார், யாருக்கு எழுதியது என்பதை ஓரத்தில் குறிக்க வேண்டும். பிறகு இரண்டு முறை வாசிப்பு. முதல் முறை பென்சிலைத் தொடக் கூடாது. இரண்டாம் முறை வினைச்சொற்களையும், "இயன்றவரை", "இனிமேல்", "எல்லாரும்" போன்ற சொற்களையும் அடிக்கோடிட வேண்டும். பிறகு மூன்றே குறிப்பு: வெளிப்படையாகச் சொல்வது என்ன, சொல்லாமலே எடுத்துக்கொண்டது என்ன, காணாமல் போனது என்ன. பிள்ளைகள் செய்யும் தவறு, ஆவணத்தைப் பார்த்ததும் அதில் வரும் அரசனைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்ததையெல்லாம் கொட்டுவது. கையில் இருக்கும் பத்து வரியை விட்டுவிட்டு விஜயநகரத்தின் தோற்றமும் வீழ்ச்சியும் சொன்னால் நேரம்தான் போகும்.

வேலூர்ப் பிள்ளை என்று விண்ணப்பத்தில் தெரிந்தால், 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தது பற்றிக் கேட்க வாய்ப்பு அதிகம். கேட்காவிட்டாலும், பேச்சை அந்தப் பக்கம் திருப்ப நமக்கு உரிமை உண்டு. ஆனால் பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்கும் அளவோடு போனால் இரண்டாவது கேள்வியிலேயே நிற்க வேண்டிவரும். ஜூலை 10, கோட்டைத் தளபதி பேன்கோர்ட் கொல்லப்பட்டார், ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். இது நிகழ்ச்சி. இனிமேல்தான் வரலாறு.

உடை விதிகளையே எடுத்துக்கொள்வோம். சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிராடாக்கின் காலத்து ஆணை, சீருடையில் இருக்கும்போது சிப்பாய் சாதி அடையாளம் இடக் கூடாது, காதில் வளையம் போடக் கூடாது, அணிவகுப்பிலும் பணியிலும் தாடை மழித்திருக்க வேண்டும் என்கிறது. மீசையின் அளவும் வடிவமும் இயன்றவரை ஒரே சீராக இருக்க வேண்டும் என்றும் சேர்க்கிறது. நெற்றிக்கும் காதுக்கும் தாடைக்கும் "கூடாது", "வேண்டும்". மீசைக்கு மட்டும் "இயன்றவரை". இந்த ஒரு சொல்லை வைத்தே ஐந்து நிமிடம் பேசலாம். எங்கே எதிர்ப்பு வரும் என்று எழுதியவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் நெற்றிக் குறியில் ஏன் தளர்வு இல்லை? அதோடு தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும் சேர்ந்தது. அது தொப்பியைப் போல இருந்ததும், தொப்பி போடுவது மதம் மாறுவதற்கு அடையாளம் என்று சிப்பாய்கள் அஞ்சியதும் தனியாகச் சொல்ல வேண்டியவை. ஆணையில் என்ன எழுதியிருந்தது என்பது ஒன்று. அதைக் கேட்டவர்கள் என்னவாகப் புரிந்துகொண்டார்கள் என்பது இன்னொன்று.

இனி காரணம். விசாரணை நடத்தியவர்கள் உடை விதிகளையும், 1799க்குப் பிறகு திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் இருந்ததையும் காரணமாகச் சொன்னார்கள். இரண்டையும் அப்படியே ஒப்பிக்காமல், எதற்கு எவ்வளவு எடை என்று பிரிக்க வேண்டும். உடை விதி மட்டும்தான் காரணம் என்றால் மைசூர்க் கொடி ஏன் ஏறியது, திப்புவின் மகன் பத்தே ஹைதரை ஏன் அரசராக அறிவித்தார்கள்? திப்பு குடும்பத்தின் சதி மட்டும்தான் என்றால், அதே ஆண்டு மே மாதத்திலேயே தலைப்பாகையை மறுத்த சிப்பாய்கள் ஏன் தண்டிக்கப்பட்டார்கள்? அரச குடும்பத்தின் மீது பழியைப் போடுவது யாருக்கு வசதி, உடை விதியின் மீது போடுவது யாருக்கு வசதி என்றும் கேட்டுப் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் பிற்பாடு சென்னை கவர்னர் பெண்டிங்கையும் கிராடாக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள் என்பது இங்கே பொருளுள்ள தகவலாகிறது.

மே மாதத் தண்டனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு சிப்பாய்களுக்குத் தலா 90 கசையடி என்று சில நூல்களிலும், 900 என்று சிலவற்றிலும் பார்க்கலாம். நேர்முகத்தில் இதில் ஒன்றை அடித்துச் சொல்ல வேண்டாம். கணக்கு நூலுக்கு நூல் வேறுபடுகிறது, மூல ஆணையைப் பார்த்தால்தான் தீரும் என்று சொன்னால், வரலாற்றுப் படிப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்த பிள்ளை இது என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

சான்று எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பேன்கோர்ட்டின் மனைவி அந்த இரவைப் பற்றி எழுதிய குறிப்பு இருக்கிறது. கணவனை இழந்து, குழந்தைகளோடு ஒளிந்திருந்தவர் எழுதியது. அவர் கண்ட இடத்தைப் பற்றி அது அரிய சான்று. ஒளிந்திருந்த இடத்திலிருந்து தெரியாதவற்றைப் பற்றி அது சான்றாகாது. சிப்பாய்களின் பேச்சு விசாரணை வாக்குமூலங்களில்தான் கிடைக்கிறது. தண்டனை காத்திருக்கும்போது, மொழிபெயர்த்து, வெள்ளை அதிகாரி முன்னால் எழுதப்பட்ட வாக்குமூலம். அதை ஒதுக்கவும் முடியாது, அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஏன் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள்.

ஏன் அன்று பகலுக்குள்ளேயே முடிந்தது என்ற கேள்விக்கு "ஒற்றுமை இல்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது. இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்துதான் எழுந்தார்கள். ஆற்காடு 16 மைல், அதாவது சுமார் 25 கிலோமீட்டர். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த அதிகாரி ஒருவர் அங்கே செய்தி கொண்டுபோக முடிந்தது. குதிரைப்படை காலையிலேயே வந்து சேர்ந்தது, கில்லஸ்பி கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார், பின்னால் வந்த பீரங்கிகள் வாயிலைத் தகர்த்தன. தூரம், செய்தி, வாயிற்காவல் என்று கையால் தொடக்கூடிய காரணங்களிலிருந்து தொடங்கி, பிறகு தலைமை, திட்டம் என்று போக வேண்டும். ஆற்காடு நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கவும் கூடும். கதை கட்டச் சொல்லவில்லை. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கிறீர்கள் என்பதையே வேறு வழியில் கேட்கிறார்கள்.

பெயரும் ஒரு வாதம். ஆங்கிலேயர் எழுத்தில் அது மியூட்டினி, அதாவது படையின் கீழ்ப்படியாமை. தமிழில் சிப்பாய்க் கலகம் என்று நெடுநாள் சொன்னோம், பிறகு புரட்சி என்றோம். 2006இல் இருநூறாம் ஆண்டு நினைவு அஞ்சல்தலை வந்தது. முதல் சுதந்திரப் போர் என்று நீங்கள் சொன்னால், மைசூர்க் கொடி ஏற்றியவர்கள் எந்த நாட்டின் சுதந்திரத்தைக் கேட்டார்கள் என்று கேட்பார்கள். 1800-01இல் மருது சகோதரர்கள் நடத்திய போர் அதற்கு முந்தியது அல்லவா என்பார்கள். ஊர்ப் பெருமை நியாயமானதுதான். ஆனால் அளவுகோல் எது என்று முதலில் சொல்லிவிட்டு அதற்குள் நின்று வாதாட வேண்டும். கோட்டைக்கு அருகே பழைய கல்லறைத் தோட்டத்தில் அன்று மாண்ட ஆங்கிலேயருக்கு நினைவு உண்டு. எழுந்த சிப்பாய்களுக்கு மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் போய்ப் பார்த்து, எது யாரை நினைக்கச் சொல்கிறது என்று அரைப் பக்கம் எழுதினால், நினைவுச் சின்னங்கள் பற்றிய எந்தக் கேள்விக்கும் அது உதவும்.

கோட்டைக்குள் போகிறவர்கள் அதே பார்வையோடு சுற்றுங்கள். விஜயநகரக் காலத்து ஜலகண்டேசுவரர் கோயில், மசூதி, 1846இல் கட்டிய தேவாலயம், திப்பு மகால், ஹைதர் மகால் எல்லாம் ஒரே அகழிக்குள் இருக்கின்றன. கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்து, 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கொண்டுவரப்பட்டது. தொல்லியல் துறை பாதுகாக்கும் கட்டிடத்தில் வழிபாடு நடக்கலாமா என்பது நேர்முகத்தில் எழக்கூடிய கேள்வி. உணர்ச்சியில் ஒரு பக்கம் சாயாமல் இரண்டு தரப்பின் வாதத்தையும் முதலில் எடுத்து வைத்துவிட்டுத் தன் முடிவைச் சொல்லப் பழக வேண்டும்.

நம் பிள்ளைகள் அடிக்கடி வழுக்கும் இன்னொரு இடம் மாவட்ட எல்லை. வட ஆற்காடு என்று பழைய அறிக்கையில் படித்தால் அது எந்த ஆண்டின் வட ஆற்காடு என்று பார்க்க வேண்டும். 1911 வரை சித்தூர்தான் அதன் தலைமையிடம். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமானதும் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. 1989இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகையையும் 1921ஆம் ஆண்டு மக்கள்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏறியது, இறங்கியது என்று சொன்னால் அது நிலத்தைக் கணக்கில் எடுக்காத கணக்கு. கர்நாடகப் போர்களுக்கும் இதே கவனம் வேண்டும். 1749இல் அன்வருதீன் கான் மாண்ட ஆம்பூர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில், 1751இல் கிளைவ் முற்றுகையில் இருந்த ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்தில், 1760இல் அயர் கூட் லாலியை வென்ற வந்தவாசி திருவண்ணாமலை மாவட்டத்தில். ஒரு வெள்ளைத்தாளில் இந்த மூன்றையும், வேலூரையும், பாலாற்றையும், கணவாய்களையும் கையால் வரைந்து பாருங்கள். இந்த வட்டாரத்தைப் பிடிக்க இத்தனை பேர் ஏன் அடித்துக்கொண்டார்கள் என்று வரைபடமே பாதி பதில் சொல்லும்.

விண்ணப்பக் கட்டுரை பற்றி. இங்கிலாந்து விண்ணப்பத்தில் இப்போது மூன்று கேள்விகளுக்கு, மொத்தம் 4,000 எழுத்துகளுக்குள் பதில் எழுத வேண்டும். ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் கடைசி நாள் அக்டோபர் நடுவில், நேர்முகம் டிசம்பரில். எந்தப் பல்கலைக்கழகமானாலும் கட்டுரையில் பெயர் சொன்ன ஒவ்வொரு புத்தகத்தையும் படித்திருக்க வேண்டும். பத்துப் பெயரை அடுக்குவதைவிட மூன்றைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் குறிப்பு வைத்துக்கொள்வது மேல். ஆசிரியர் நிறுவ வந்தது என்ன, எந்தச் சான்றை நம்பியிருக்கிறார், நீங்கள் ஒப்பாத இடம் எது என்பதே குறிப்பு. மூன்றாவதைத்தான் கேட்பார்கள். அண்ணனோ டியூஷன் சாரோ கணினியோ எழுதிக்கொடுத்த கட்டுரை இங்கே காட்டிக்கொடுத்துவிடும். தன் கட்டுரையில் இருக்கும் சொல்லுக்கே பொருள் தெரியாமல் முழிக்கும் பிள்ளைக்கு மீதி இருபது நிமிடமும் கஷ்டம்தான். அனுப்பிய கட்டுரையின் நகல் ஒன்றைக் கட்டாயம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில உச்சரிப்புக்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை, ஆனால் சொல் கிடைக்காமல் சிந்தனை நின்றுவிடும் ஆபத்து உண்டு. முப்பது நாற்பது சொற்களைப் பேச்சில் பழக்கிக்கொண்டால் போதும். கண்டிஷன், காஸ், ட்ரிகர் மூன்றும் வேறு வேறு என்று தெரிந்து பேசினாலே பாதிக் குழப்பம் தீரும். நெடுநாளாக இருந்த சூழல் ஒன்று, அதற்குள் வேலை செய்த காரணம் ஒன்று, அன்றைக்குப் பற்றவைத்த பொறி ஒன்று. வாக்கியத்தைக் குறுக்கிப் பேசுங்கள். ஒரு நிமிடம் யோசித்துச் சொல்லலாமா என்று கேட்பதில் தவறே இல்லை. கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வேறு எதற்கோ பதில் சொல்வதுதான் கெடுக்கும். தமிழ்க் கல்வெட்டையும் பழைய தமிழ்ப் பத்திரிகையையும் நேராக வாசிக்கத் தெரிவது நம் பிள்ளைகளின் பலம். அதைக் கூச்சப்படாமல் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்கு எட்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். முதல் நாலு வாரம் வாரத்துக்கு இரண்டு ஆவணம், மேலே சொன்ன முறையில். ஒன்று கல்வெட்டு அல்லது செப்பேடு, இன்னொன்று கம்பெனிக் காலத்து ஆவணம். பிந்தைய நாலு வாரம் வாரத்துக்கு இரண்டு மாதிரி நேர்முகம், ஒவ்வொன்றும் 25 நிமிடம், செல்பேசியில் பதிவுசெய்து கேட்க வேண்டும். கேள்வி கேட்க வரலாற்று ஆசிரியர் மட்டும் போதாது. இயற்பியல் ஆசிரியரை ஒருமுறை உட்காரவையுங்கள். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் விடாமல் கேட்பார், அதுதான் வேண்டும். பதிவைக் கேட்கும்போது இரண்டை எண்ணிக் குறியுங்கள். எத்தனை முறை "அனைவரும் அறிந்தபடி" என்றீர்கள், எத்தனை முடிவுகளுக்குச் சான்று சொல்லாமல் விட்டீர்கள்? எதற்கெடுத்தாலும் பிரித்தாளும் சூழ்ச்சி என்று முடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் எண்ணுங்கள். மனப்பாடம் செய்த பதில் பதிவில் உடனே தெரிந்துவிடும், குரல் சமமாகி வேகம் கூடும்.

இணையவழி நேர்முகம் என்றால் நேரக் கணக்கு முக்கியம். டிசம்பரில் இங்கிலாந்தில் காலை 10 மணி என்றால் இங்கே பிற்பகல் 3.30. மின்சாரம் போனால் வைஃபையும் போகும் என்பதால் மடிக்கணினியை முழுதாக சார்ஜ் ஏற்றி, டேட்டா உள்ள செல்பேசியை ஹாட்ஸ்பாட்டுக்குத் தயாராக வைக்க வேண்டும். கேமரா கண் உயரத்தில், வெளிச்சம் முகத்துக்கு எதிரில். வெள்ளைத்தாள், பென்சில் கையருகே. நேரில் போகிறவர்கள் சான்றிதழ்களில் அசலோடு இரண்டு ஜெராக்ஸ் செட் எடுத்துப் போனால் போதும்.

முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கும்போது எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 விழுக்காடு. அந்த முப்பதும் ஆய்வுத் திட்டத்தின் மேல்தான் நிற்கும். "வட ஆற்காட்டில் பெண்கள் நிலை" என்று தலைப்பு வைத்தால் எந்த ஆண்டு, எந்த எல்லை, எந்த ஆவணம் என்ற மூன்று கேள்வியில் சரிந்துவிடும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நீங்கள் பார்க்கப் போகும் தொடர் எது, அதில் ஒரு கோப்பையாவது ஏற்கெனவே பார்த்தீர்களா என்று கேட்பார்கள். பார்த்துவிட்டே போங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. தங்கள் வேலூர்ப் பதிப்பில் வாரம் ஒரு நாள், கால் பக்கத்தில், நம் வட்டாரத்து ஆவணம் ஒன்றை அதன் மூல வாசகத்தோடு வெளியிட முடியுமா? மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை (மறைந்த அரசனுக்கு எடுக்கும் நினைவுக் கோயில்), ஆம்பூர் நடுகற்கள் என்று ஓராண்டுக்குத் தாராளமாக வரும். விளக்கத்தை அதே நாளில் போடாமல் அடுத்த வாரம் போடுங்கள், இடையில் பிள்ளைகள் தாங்களே வாசித்துப் பார்க்கட்டும். வாசகத்தைத் தேர்ந்து, சரிபார்த்து, எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். முதல் வாரத்துக்கு விரிஞ்சிபுரத்துக் கல்வெட்டையே அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
வேலூர்.